இ20 போட்ட பழைய கார் மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

"அண்ணா, என் காரை எத்தனாலுக்கு மாத்த எவ்வளவு ஆகும்?" என்று மாதம் ஒருவராவது பட்டறைக்கு வந்து கேட்கிறார். "அஞ்சில் ஒரு பங்கு ஏற்கெனவே மாத்தியாச்சுங்க, பங்க்லயே மாத்திட்டாங்க" என்பேன். சிரிப்புக்குச் சொல்வது என்றாலும் உண்மை அதுதான். 2022 ஜூனில் நாட்டுப் பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் கலந்திருந்தது. 2023 பிப்ரவரியில் இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வந்தது. 2025-ல் எல்லா இடத்திலும் இருபது சதவீதம் என்றாகிவிட்டது. 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளின் ரப்பரும் பிளாஸ்டிக்கும் இதைத் தாங்கும். அதற்கு முந்தையவை, முக்கியமாக கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு விடும் பாகம்) காலத்து மாருதி 800, ஆம்னி, பத்மினி, அம்பாசடர் போன்றவை, யாரும் கேட்காமலே பாதி வழியில் மாற்றப்பட்ட வண்டிகள்.

அந்த வண்டிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சேலத்தில் உட்கார்ந்து ஏற்காட்டு வண்டிகளையும் பார்ப்பதால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கம்ப்ளெயின்ட் வந்தாலும் முதலில் கேட்பது, "கீழேயா, மேலேயா, ஏறும்போதா?" என்றுதான். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். சும்மா பார்க்கக்கூடியதை முதலில் பாருங்கள், காசு செலவாகும் வேலையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கார்புரேட்டரைக் கழற்றுவது முதல் வேலை அல்ல.

அறிகுறி: வண்டிக்குள்ளோ ஷெட்டிலோ பெட்ரோல் வாடை

இது மட்டும் வரிசையில் காத்திருக்காது. வாடை வந்தால் வண்டியை எடுக்காதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றுங்கள், டார்ச் வைத்துப் பாருங்கள். லைட்டர் வெளிச்சத்தில் பார்த்தவரையும் பார்த்திருக்கிறேன், புருவம் போனதோடு தப்பித்தார்.

முதலில் ஹோஸ். கிளிப் மாட்டியிருக்கும் முனைகளை நகத்தால் அழுத்துங்கள். நல்ல ஹோஸ் அழுத்தினால் மீண்டும் எழும். கெட்டது பிசுபிசுவென்று ஒட்டும், அல்லது வளைக்கும்போது நுண்ணிய வெடிப்பு தெரியும். பழைய நைட்ரைல் ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், வண்டி நின்று காயும்போது சுருங்கி வெடிக்கும். மாற்றும்போது மேலே "எஸ்.ஏ.இ ஜே30 ஆர்9" என்று அச்சடித்த ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். மீட்டர் கணக்கில் சுருளில் தொங்கும் பெயரில்லாத பைப், காற்றடிக்க மட்டும் ஆகும். ஹோஸோடு கிளிப்பையும் மாற்றுங்கள்.

ஹோஸ் நன்றாக இருந்தும் வண்டியை நிறுத்தியபின் வாடை அதிகமானால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் ஊசி (ஃப்ளோட் நீடில்) சரியாக மூடவில்லை. நீடில் முனை ரப்பர் உப்பியிருக்கும், அல்லது டேங்கிலிருந்து வந்த துரும்பு அதில் சிக்கியிருக்கும். கிட் ஒன்று போட்டால் தீர்ந்தது. கார்புரேட்டர் கழற்றிப் பழகியவர் செய்யலாம்.

டேங்க் மூட்டில் ஈரம், இன்ஜெக்டர் ரயிலில் (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியே பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டிகளின் பைப்) ஈரம், டேங்கின் மேல் பம்ப் மூடியில் ஈரம் என்றால் கையை எடுத்துவிடுங்கள். டோ பண்ணி எடுத்துப் போகவேண்டிய வேலை அது. இன்ஜெக்ஷன் லைனில் சுமார் 3 பார் அழுத்தம் நிற்கும். கழற்றினால் முகத்தில் பீய்ச்சும்.

அறிகுறி: ஏற்றத்தில் அடைக்கிறது, சமத்தில் சரியாக ஓடுகிறது

அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி நாலைந்து கொண்டை ஊசி வளைவு வரை ஒன்றும் தெரியாது. அதற்குமேல் இரண்டாம் கியரில் அழுத்தினால் வண்டி முக்கும், விட்டால் தேறும். இருபது வளைவையும் இப்படி முக்கி முக்கி ஏறி வந்தவர்கள் நிறையப் பேர்.

முதலில் டேங்க் மூடி. அடைக்கும்போதே ஓரமாக நிறுத்தி மூடியைத் திறங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, அதன்பிறகு வண்டி நன்றாக ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைந்திருக்கிறது. செலவு பைசா கிடையாது. வருடத்துக்கு இரண்டு மூன்று வண்டியாவது இந்த ஒரு துளையால் இன்ஜின் வேலை பார்க்கும் வரை போய்விடுகிறது.

அடுத்தது ஃபில்டர். எத்தனால் நல்ல கரைப்பான். பத்துப் பதினைந்து வருடம் டேங்க் சுவரில் படிந்திருந்த கோந்தையும் துருவையும் பெயர்த்துக்கொண்டு வரும், அத்தனையும் ஃபில்டரில் போய் நிற்கும். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஃபில்டர் என்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அடியில் செம்மண் மாதிரி படிந்திருந்தால் மாற்றுங்கள். மாற்றியதோடு விடாதீர்கள். 1,000 கிலோமீட்டரில் இன்னொரு முறை பாருங்கள், முதல் ஃபில்டர் பிடித்தது பாதிதான்.

ஃபில்டரும் புதிது, இன்னும் அடைக்கிறது என்றால் ஹோஸின் உட்புறம். இது பலரை ஏமாற்றும். போன மழைக்காலத்தில் ஒரு வேனில் வெளியே பளபளவென்று இருந்த ஹோஸை பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். உள்சுவர் தண்ணீரில் ஊறிய அப்பளம் மாதிரி எழும்பி நின்றது. நடுவில் தீக்குச்சி நுழையும் அளவுக்குத்தான் வழி. ஐடிலிங்குக்கு அது போதும், ஏற்றத்துக்குப் போதாது.

பிறகுதான் பம்ப். கார்புரேட்டர் வண்டி என்றால் காயில் வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் பைப்பை ஒரு பாட்டிலில் விட்டு, பக்கத்தில் ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சீராகப் பீய்ச்சி அடிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பம்புக்குள் இருக்கும் சவ்வு (டயாஃப்ரம்) போய்விட்டது. சூடான இன்ஜினில் இதைச் செய்யாதீர்கள். இன்ஜெக்ஷன் வண்டி என்றால் டேங்குக்குள் இருக்கும் பம்பும் அதன் அடிவலையும், அழுத்தம் பார்க்கும் கேஜ் வைத்திருக்கும் ஆளிடம்தான் போகவேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். அழுத்தும்போது இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அந்தப் பழியை எத்தனால் மேல் போடாதீர்கள். இப்போது எல்லாவற்றுக்கும் இ20-ஐச் சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது.

அறிகுறி: கீழே திணறுகிறது, மேலே போனால் நன்றாக ஓடுகிறது

இதைக் கேட்டு முதலில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், கார்புரேட்டர் வேன். "மேல நாள் முழுக்க மூட்டை ஏத்துதுங்க, ஒரு குறையும் இல்ல. அஸ்தம்பட்டி சிக்னல்ல வந்து நின்னா ஆஃப் ஆயிடுதுங்க." இரண்டு பட்டறை ஏறி இறங்கி காயில், பிளக், வயர், கார்புரேட்டர் கிட் எல்லாம் மாற்றியிருந்தார். நானும் ஒரு நாள் கூடவே உட்கார்ந்து போய்வந்தேன். அவர் சொன்னது அப்படியே நடந்தது.

காரணம் கணக்கில் இருக்கிறது. எத்தனால் கலந்தால் அதே அளவு காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். சுத்தப் பெட்ரோலுக்கு 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று, இ20-க்குச் சுமார் 13.5. கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய அளவிலேயே விடும். ஆக, கலவை எட்டு சதவீதம்போல் வறண்டுவிடுகிறது, அதாவது காற்றுக்கு எரிபொருள் போதவில்லை. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், அங்கே காற்று மெலிசு. மெல்லிய காற்றில் கார்புரேட்டர் கலவை ஏழு சதவீதம்போல் தடித்துவிடும். பங்க் குறைத்ததை மலை திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கீழே இறங்கினால் அந்தக் கடன் மறுபடி தெரியும்.

சோதிப்பது சுலபம். கீழே திணறும்போது, காற்றைக் குறைத்துக் கலவையைத் தடிக்கவைக்கும் சோக்கை லேசாக இழுங்கள். இன்ஜின் தேறினால் கலவை வறட்சி உறுதி. ஆனால் வறட்சிக்கு எத்தனால் மட்டும் காரணமாக இருக்காது, எங்காவது காற்று புகுந்தாலும் இதேதான் நடக்கும். சட்டைக்கு இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலை எடுத்து, ஐடிலிங்கில் கார்புரேட்டர் அடி கேஸ்கெட்டைச் சுற்றியும் வேக்கும் பைப் (இன்ஜினின் உறிஞ்சலில் இருக்கும் சின்னக் குழாய்) முனைகளிலும் லேசாகத் தெளியுங்கள். தெளித்த இடத்தில் ஐடிலிங் மாறினால் அங்கேதான் ஓட்டை. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் தெளிக்காதீர்கள். கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான சைலன்சர் மேல் பட்டால் பற்றிக்கொள்ளும், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஓட்டை இல்லை என்றால், கார்புரேட்டரில் ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் திருகு. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, திருகு எத்தனை சுற்றில் இருக்கிறது என்று முதலில் மெதுவாக உள்ளே திருகி எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பழைய இடத்துக்கே கொண்டுவந்து, அங்கிருந்து கால் சுற்றாக வெளியே எடுங்கள். பெரும்பாலும் அரைச் சுற்றில் ஐடிலிங் நின்றுவிடும்.

ஐடிலிங் சரியாகியும் ஓட்டத்தில் திக்கினால் மெயின் ஜெட், அதாவது ஓட்டத்துக்குப் பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகு. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். துளையின் குறுக்களவு நாலு சதவீதம் கூடினால் பரப்பு எட்டு சதவீதம் கூடும், அவ்வளவுதான் தேவை. 100 நம்பர் இருந்தால் 105-க்கு மேல் போக வேலையில்லை. துளையை ஊசி வைத்துப் பெரிதாக்கும் கை வேலை வேண்டவே வேண்டாம், ஜெட் வீணாகும். போட்டபின் 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். டீ பிஸ்கட் நிறம் என்றால் சரி, சுண்ணாம்பு வெள்ளை என்றால் இன்னும் வறட்சி, கரி என்றால் அதிகம்.

அந்த நாகலூர் வேனுக்கு நான் ஜெட்டைத் தொடவில்லை. மாதத்தில் இருபத்தைந்து நாள் மேலே இருக்கிற வண்டி. பெரிய ஜெட் போட்டால் மேலே கரி அடிக்கும். திருகை மட்டும் அரைச் சுற்று எடுத்துக் கொடுத்தேன். "அப்ப இத்தனை சாமான் மாத்துனது?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இன்ஜெக்ஷன் வண்டிக்கு இந்த அறிகுறி பெரும்பாலும் வராது. ஆக்சிஜன் சென்சார் பார்த்து அதுவே ஈடுகட்டிவிடும்.

அறிகுறி: வளைவில் படம் எடுக்க நிறுத்தினேன், மறுபடி எடுக்கவில்லை

மே மாதம், கோடை விழாக் கூட்டம், வரிசையில் ஊர்ந்து ஏறியிருப்பீர்கள். பெட்ரோல் பைப்பிலேயே கொதித்து ஆவியாகிவிட்டது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். கார்புரேட்டர் வண்டிகளின் வியாதி இது.

பானட்டைத் திறந்து இருபது நிமிடம் விடுங்கள். அவசரம் என்றால் ஈரத்துணியை மெக்கானிக்கல் பம்ப் மேல் சுற்றுங்கள். எக்ஸாஸ்டிலோ காயிலிலோ தண்ணீர் படக்கூடாது. செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரியும் போகும், பிறகு தள்ளுவதற்கு ஏற்றம் வேறு. பைப் மேல் துணி காயப்போடும் கிளிப் மாட்டும் பழைய வைத்தியத்தை நானும் செய்து பார்த்தேன். கிளிப்தான் சூடானது.

அடிக்கடி வந்தால், பம்புக்கும் இன்ஜினுக்கும் இடையில் இருக்கவேண்டிய சூடு கடத்தாத பேக்லைட் தடுப்பு இருக்கிறதா பாருங்கள். எப்போதோ கழற்றியவர் திரும்பப் போடாமல் விட்டிருப்பார். பைப் எக்ஸாஸ்ட் பக்கமாகப் போனால் தள்ளிக் கட்டி, வெப்பம் தாங்கும் உறை போடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓடாமல் டெம்பரேச்சர் முள்ளும் ஏறியிருந்தால் கதையே வேறு, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: காலையில் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

மார்கழியில் ஏற்காட்டிலிருந்து வரும் போன் எல்லாம் இதுதான். ஆனால் நம் ஊர்க் குளிருக்கு இ20 பிடிக்காமல் போகாது. முதலில் பேட்டரி: ராத்திரி நின்றபின் 12.6 வோல்ட் இருக்கவேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக்கூடாது. அடுத்து சோக் கேபிள் இழுத்தால் தகடு முழுசாக மூடுகிறதா, கண்ணால் பாருங்கள். அடுத்து பிளக்.

இவை சரி, வண்டி சில வாரம் அல்லது மாதக்கணக்கில் நின்றது என்றால், டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பனி, மழை, தேய்ந்த மூடி வாஷர், தோட்டத்தில் கேனில் வைத்திருந்த பெட்ரோல் என்று வழி நிறைய. கொஞ்சம் தண்ணீரை அது கரைத்துத் தாங்கிக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியைத்தான்.

டேங்கின் அடியிலிருந்து 200 மில்லி எடுத்து, வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, அசைக்காமல் பத்து நிமிடம் வையுங்கள். கோடு போட்டமாதிரி இரண்டு அடுக்கு தெரியும். தெளிவாகத் தெரியவில்லை என்றால் துணிக்குப் போடும் சொட்டு நீலம் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். அடியில் தண்ணீர் அடுக்கு இருந்தால் அது முழுக்க நீலமாகும். இல்லை என்றால் சொட்டு பெட்ரோலோடு கலக்காமல் அடியில் தனியாக நிற்கும். என் பட்டறைப் பையன் இதைச் செய்து காட்டினால் வாடிக்கையாளருக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

எத்தனால் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவேண்டுமா? அளவுக் கோடு போட்ட குழாயில் 100 மில்லி பெட்ரோல், 10 மில்லி தண்ணீர், மூடிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு போய்விடும். அடி அடுக்கு 30 மில்லி கிட்ட வந்தால் இ20. அதைவிட ரொம்பவும் கூடுதலாக நின்றால் அந்தப் பெட்ரோலை வண்டிக்குப் போடாதீர்கள், பில்லை வைத்துக்கொண்டு பங்க்கில் கேளுங்கள்.

அடுக்கு பிரிந்திருந்தால் மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். முழுசாக இறக்கி, ஃபில்டர் மாற்றி, புதிதாகப் போட்டுத்தான் எடுக்கவேண்டும். இறக்கியதைச் சாக்கடையிலோ காப்பிச் செடி ஓரத்திலோ கொட்டக்கூடாது. டேங்கை இறக்கிப் பார்க்கும்போது உள்ளே துரு உதிர்ந்தால் டேங்க் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள், வீட்டில் வெல்டிங் வைக்கிற பேச்சே வேண்டாம். இனி நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். காலி இடம் குறைந்தால் ஈரமும் குறையும்.

அறிகுறி: செக் இன்ஜின் விளக்கு, ஸ்கேனரில் பி0171

"கலவை வறட்சி" என்று அர்த்தம். இன்ஜெக்ஷன் வண்டி இ20-ஐ ஈடுகட்டுவதற்கே ட்ரிம்மில் (வண்டியின் கம்ப்யூட்டர் தானாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐந்து முதல் எட்டு சதவீதம் வரை செலவழிக்கலாம். மிச்சமிருக்கும் இடத்தில் சின்ன வேக்கும் ஓட்டை ஒன்று சேர்ந்தாலே விளக்கு எரிந்துவிடும். ஆகவே லாங் ட்ரிம் +8 காட்டினால் வேலை ஒன்றும் இல்லை. +20 தாண்டினால் ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் குழாய், வேக்கும் பைப்கள், பெட்ரோல் ஃபில்டர், பம்ப் அழுத்தம், கடைசியாக இன்ஜெக்டர் என்ற வரிசையில் போங்கள். சென்சாரை முதலில் மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். அது உள்ளதைச் சொல்கிற சாட்சி, குற்றவாளி அல்ல. விளக்கு சிமிட்டிக்கொண்டே எரிந்தால் மிஸ்ஸிங் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது) பலமாக இருக்கிறது, ஓட்டாமல் நிறுத்துங்கள்.

அறிகுறி: மைலேஜ் குறைந்துவிட்டது

எத்தனாலில் லிட்டருக்கு வெப்பம் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ20-ல் ஆறேழு சதவீதம் குறையத்தான் செய்யும். 15 கொடுத்த வண்டி 14 கொடுத்தால் பேசாமல் ஓட்டுங்கள். 11 கொடுத்தால் டயர் காற்று, பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், அடைத்த ஏர் ஃபில்டர், எப்போதும் திறந்தே கிடக்கும் தெர்மோஸ்டாட். மலை ஏறிய டேங்கை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

அறிகுறி: எத்தனால் கிட் போட்டேன், அதிலிருந்து தொல்லை

2024 மார்ச்சில் தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களில் தேர்ந்தெடுத்த பங்க்குகளில் எத்தனால் 100 (ஏறக்குறைய முழுக்க எத்தனாலே ஆன எரிபொருள்) விற்பனைக்கு வந்ததும், இன்ஜெக்டர் வயரில் செருகும் சின்னப் பெட்டியை வாங்கி மாட்டிக்கொண்டு சிலர் வந்தார்கள். "நம்ம ஊரு குச்சிக்கிழங்குல இருந்தே எடுக்கலாமாமே" என்று ஒருவர். எடுக்கலாம்தான், 2018 உயிரி எரிபொருள் கொள்கையிலேயே மரவள்ளி இருக்கிறது. வண்டி தாங்கவேண்டுமே.

சமத்தில் ஓடி, ஏற்றத்தில் முழுசாக அழுத்தினால் விழுகிறது என்றால் இன்ஜெக்டர் எல்லை தொட்டுவிட்டது. முழு எத்தனாலுக்குப் பெட்ரோலைப்போல் ஒன்றரை மடங்கு அளவு எரிபொருள் போகவேண்டும். அந்தப் பெட்டி, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைத்தான் கூட்டும், துளையைப் பெரிதாக்காது, பம்பின் அழுத்தத்தையும் கூட்டாது. அப்படியே ஏறினால் வறண்ட கலவையில் வால்வு கருகும். வீட்டில் செய்ய இதில் ஒன்றும் இல்லை.

காலைக் குளிரில் பிடிக்கவில்லை என்றால் அது எத்தனாலின் குணம், கிட்டின் கோளாறு அல்ல. பிரேசிலில் முழு எத்தனால் கார்களுக்கு பானட்டுக்குள் தனியாகச் சின்னப் பெட்ரோல் டேங்க் வைத்தார்கள், குளிரில் அதிலிருந்து எடுத்து ஸ்டார்ட் ஆகும். நமக்கு, டேங்கில் பாதிக்குமேல் பங்க் பெட்ரோல் கலப்பதுதான் வழி.

ஆயில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அளவு கூடியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால் எரியாத எரிபொருள் ஆயிலில் இறங்குகிறது. இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் பண்ணவேண்டாம், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியபின் மெக்கானிக் பார்க்கட்டும்.

ஆர்.சி.யில் இது ஏறியிருக்கிறதா என்றும் கேட்டுவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி அனுமதி இல்லாமல் இப்படி மாற்றக்கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது இதைத்தான். பெரும்பாலோர் கழற்றத்தான் சொல்கிறார்கள். கழற்றியபின் டேங்கைப் பங்க் பெட்ரோலால் நிரப்பி, பேட்டரியை அரை மணி கழற்றி வைத்து மாட்டினால் பழைய ட்ரிம் பெரும்பாலும் அழியும். அழியவில்லை என்றால் ஸ்கேனரில் அழிக்கலாம். பிறகு சேலத்துக்குள்ளேயே 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஸ்கேனர் வைத்துப் பாருங்கள். அதுவரை மலை ஏறவேண்டாம்.